கெடுதலுக்குத் தனிக் கூலி

ஜாஸ் கிளப் நடத்தும் கிளப்பம்மா ஐஸ் மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி எட்டாயிரம். குளிர் மெஷினைப் பழுது பார்த்த கூலி அது. பெல்ட், ரப்பர், பேரிங் எல்லாம் மேஸ்திரி தன் கைக்காசைப் போட்டு வாங்கியவை. அதையும் சேர்த்துத்தான் எட்டாயிரம். வேலை நடந்ததை அந்த அம்மா மறுக்கவில்லை. வேலை நன்றாக நடந்ததையும் மறுக்கவில்லை. அது நன்றாக நடந்துவிட்டது என்பதுதான் அவருடைய புகாரே.

அந்தப் புகாருக்குப் போகும் முன் மேஸ்திரி யார் என்று சொல்லிவிட வேண்டும். ஆள் தெரியாமல் கதை கேட்பது, ஊர் தெரியாமல் பஸ் ஏறுவதைப் போல. அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. சொல்லட்டும், அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். ஐஸ் பாக்டரியில் தரை பெருக்கும் வேலைக்குப் போனவர், பெருக்கும்போதே பார்த்தார், பார்த்ததைக் கையில் ஏற்றிக்கொண்டார். கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லை. கேட்டால் விரட்டுவார்கள், ஆகவே கேட்கவும் இல்லை. இன்றைக்கு அந்த நகரத்தில் மருந்துக் கிடங்கு, பூக்கடை, பெரிய ஹோட்டல் என்று எங்கே குளிர்காற்று முகத்தில் அடித்தாலும் அதில் பாதி அவர் கை பட்டது. மீதிப் பாதி இன்னும் பழுதாகவில்லை, அவ்வளவுதான்.

அவர் ஒருமுறை தொட்ட மெஷின் மறுமுறை அவரைக் கூப்பிட்டதில்லை. இதில் அவருக்கு வருமானம் குறைவு, பெருமை அதிகம். "ஒரு டாக்டர்கிட்ட திரும்பத் திரும்பப் போறீங்கன்னா, அவர் நல்ல டாக்டரா, கெட்ட டாக்டரா?" என்று கேட்பார். இந்தக் கேள்வியை ஒரு டாக்டரிடமே கேட்டிருக்கிறார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இவ்வளவு பேர் வாங்கியும் அவருக்கென்று ஒரு பட்டறை கிடையாது. சாமான்கள் இரண்டு பைகளில் தோளில் தொங்கும். பிரித்த மெஷின்கள் வீட்டுச் சமையலறையில் கிடக்கும். சட்டியை எடுக்கப் போன மனைவியின் கைக்குப் பிஸ்டன் வரும். கடைசியில் மனைவியின் தம்பி, அதாவது மச்சான், பெரிய ரோட்டின் மேல் ஷட்டர் போட்ட ஓர் அறையைக் காலி செய்தான். வாடகைக்குத் தருகிறேன், அட்வான்ஸ் பத்தாயிரம் என்றான். டயர்க்காரன் ஒருவனும் அதே அறையைக் கேட்டுக்கொண்டிருந்தான். மாத முடிவுதான் கெடு.

"சொந்தத்துக்குள்ள அட்வான்ஸ் எதுக்கு மச்சான்?" என்றார் மேஸ்திரி.

"சொந்தம் சொந்தந்தான் அத்தான். ஷட்டர் ஷட்டர்தான்."

"அக்கா புருஷன் மேல நம்பிக்கை இல்லையா?"

"அவன நம்பச் சொல்லாதீங்க," என்றாள் மனைவி, கழுவின தட்டைக் கவிழ்த்தபடி. "டேய், பத்தாயிரம் கைக்கு வராம சாவியக் குடுத்துடாத. குடுத்தா இவரு அட்வான்ஸ அடுத்த ஜென்மத்துக்குத் தள்ளிடுவாரு."

அக்காவும் தம்பியும் ஒரே பக்கம் நின்றால் எதிரே நிற்பவன் என்ன ஆவான். மேஸ்திரியிடம் ரொக்கம் இரண்டாயிரம் இருந்தது. மீதி எட்டாயிரம் கிளப்பம்மாவிடம் இருந்தது. கணக்கு கச்சிதமாக இருந்தது. பணம்தான் இடம் மாறவில்லை.

கிளப் ஒரு செருப்புக் கடைக்கு அடியில் இருந்தது. படி இறங்கும்போது உயரமானவர்கள் குனிய வேண்டும். உள்ளே பழைய கிடங்கு ஒன்றுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, சின்னச் சின்ன மேஜை போட்டு, ஒரு கோடியில் பெட்டி உயரத்துக்கு மேடை கட்டியிருந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலமே ஜாஸ் வாசிப்பு ஆரம்பித்துவிடும். மேடைக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதற்குப் பின்னால் குளிர் அறை, அதன் மெஷின். கிடங்குக் காலத்திலிருந்து அது அங்கேயே இருக்கிறது. மெஷினை நகர்த்தினால் சுவர் விழும், சுவரை நகர்த்தினால் செருப்புக் கடை விழும் என்பதால் மேடையைக் கொண்டுவந்து அதன் முன்னால் போட்டுவிட்டார்கள்.

ஐஸ் கட்டவில்லை, சோடா வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் போய்ப் பார்த்தார். மெஷின் ஓட ஆரம்பித்தால் மேடைப் பலகை வரைக்கும் தடதடத்தது. உள்ளே போதுமான குளிர் ஏறி அது தானாக நிற்கும்போது, படுத்திருந்த எருமை எழுந்து உடம்பை உதறுவதைப் போல ஓர் உதறல். முடிவில் இரும்புச் சட்டத்தில் இடித்து ஒரு 'டங்'. மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் நகரத்தில், தன் காதுக்கு எட்டும் தூரத்தில், இப்படி ஒரு மெஷினா என்று.

மதியங்களில் கிளப் காலியாக இருக்கும். மூன்று மதியம் உட்கார்ந்தார். நைந்த ரப்பரைக் கழற்றினார். கோணின விசிறி இலையை நிமிர்த்தினார். புதுப் பெல்ட் போட்டு, சக்கரம் இரண்டையும் நூல் பிடித்து ஒரே நேராக வைத்தார். பிறகு கிளப்பம்மாவைக் கூப்பிட்டு, ஓடுகிற மெஷினின் தலையில் ஒரு காசை விளிம்பில் நிறுத்திக் காட்டினார். காசு விழவில்லை. ஓடுகிறதா என்று கிளப்பம்மா தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

குளிரச் செய்யத்தான் கூப்பிட்டார்கள். சத்தத்தை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது மேஸ்திரி போட்ட கொசுறு.

"வெள்ளிக்கிழமை வந்து காசு வாங்கிக்குங்க மேஸ்திரி," என்றார் கிளப்பம்மா.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேஸ்திரி சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு படி இறங்கினார். நாலு பேர் பாராட்டுவார்கள், அதற்குத் தயாராகப் போக வேண்டாமா.

கல்லாவில் உட்கார்ந்திருந்த கிளப்பம்மா அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"குளிருதாம்மா?"

"குளிருது மேஸ்திரி. நல்லாவே குளிருது. எனக்குத்தான் வயிறு எரியுது. அங்க பாருங்க."

மேடையில் ஐந்து பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் ஊதிக்கொண்டிருந்தவரைக் கிளப்பில் 'தொடர்கதை' என்பார்கள். ஆளுயரப் பேஸ் வயலினைக் கட்டிக்கொண்டு நின்ற ஒல்லி மனிதர் 'ஏணி'. டிரம்ஸ் வாசித்தது கிளப்பம்மாவின் மகளைக் கட்டியவர். அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். வாசிப்பு சுமாராக இருந்தாலும் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. ஒரு பியானோக்காரர், ஒரு பாட்டுக்காரி. பாட்டுக்காரி ஸ்டூலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

தொடர்கதை ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். இரண்டு மேஜைகள் எழுந்து போயின. மாப்பிள்ளை வலது கையை மாற்றி இடது கையால் தட்ட ஆரம்பித்தார். பியானோக்காரர் ஒரு கையால் வாசித்து மறு கையால் கழுத்தைத் தேய்த்தார். மேஸ்திரி நின்ற இடத்திலேயே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்.

"இவரு எப்ப நிறுத்துவாரு?"

"அதத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்," என்றார் கிளப்பம்மா.

இடைவேளையில் ஏணிதான் விஷயத்தை விளக்கினார். ஜாஸில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒருமுறை முன்னால் வந்து, மனம் போன போக்கில் தனியாக வாசிக்கலாம். மற்றவர்கள் பின்னால் தாங்கிப் பிடிப்பார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். கேட்டால் அழகாக இருக்கிறது. ஆனால் மனம் போய்க்கொண்டே இருந்தால்?

"பழைய முதலாளி, அம்மாவோட வீட்டுக்காரரு, டிரம்பெட் வாசிப்பாரு," என்றார் ஏணி. "அவரு கண்ணக் காட்டினா நிறுத்துவோம். அவரு போனப்புறம் யார் சொன்னா யார் கேக்கறது? மாப்பிள்ளை சொன்னா நான் கேக்க மாட்டேன். நான் சொன்னா தொடர்கதை கேக்க மாட்டாரு. பியானோக்காரர் சொன்னா அவரே கேக்க மாட்டாரு. கடைசியில எல்லாரும் மெஷின் பேச்சைக் கேட்டோம். அதுக்கு யார் மேலயும் பொறாமை இல்ல பாருங்க."

மெஷின் தடதடக்க ஆரம்பித்தால் ஒருவர் எழுந்து தனியாக வாசிப்பார். அது உதறி 'டங்' என்று நிற்கும்போது ஐந்து பேரும் சேர்ந்து முடிப்பார்கள். அது ஓய்ந்திருக்கும் நேரத்தில் பாட்டுக்காரி மெல்லிய பாட்டுகளைப் பாடுவாள். இப்படியே வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. கண் ஜாடை இல்லாமல், தலை அசைக்காமல், ஐந்து பேர் ஒரே நொடியில் நிறுத்துகிறார்கள், இது தவம் என்று பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதியே விட்டார். தவம் செய்தது பலகைக்குப் பின்னால் இருந்த எருமை.

"அந்த எருமைய நீங்க கொன்னுட்டீங்க," என்றார் கிளப்பம்மா. "ஜனங்க வாசிப்பு நடுவுல சோடா கேக்க மாட்டாங்க, மரியாதை. முடிஞ்சாத்தான் கேப்பாங்க. இப்ப முடியவே மாட்டேங்குது. பழையபடி பண்ணிக் குடுங்க, எட்டாயிரத்த எண்ணித் தர்றேன்."

"பழையபடின்னா?"

"அந்தப் பழைய ரப்பரையே போட்டுருங்க. எவ்வளவு நேரம் ஆகப்போவுது?"

மேஸ்திரி தோள் பையைச் சரி செய்துகொண்டார். "நான் பண்ணின வேலைய நானே கெடுக்க மாட்டேம்மா. நாளைக்கு எவனாவது அந்த மெஷினத் திறந்து பாத்து, இத யாரு பண்ணினதுன்னு கேட்டா, என் பேரத்தானே சொல்வீங்க?"

"சொல்லல."

"நீங்க சொல்லாட்டி மெஷின் சொல்லும்."

"அப்ப காசும் மெஷின்கிட்டயே வாங்கிக்குங்க," என்று கிளப்பம்மா கல்லாவை மூடினார்.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். "ஒரு ரப்பரு. அதப் போட்டா பட்டறை. போடாட்டி டயர்க்காரன். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். மேஸ்திரி இரண்டாம் முறை பரிமாறச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது பெரிய செய்தி.

மறுநாள் அவர் சிவப்பு பல்பு ஒன்றை எடுத்துப் போய், மெஷின் ஓடும்போது எரிகிற மாதிரி மேடைக்கு எதிரில் மாட்டினார். பல்பு அணைந்தால் நிறுத்துங்கள். சத்தம் செய்த வேலையை வெளிச்சம் செய்யட்டும். இப்படி ஒரு யோசனை படித்தவர்களுக்கு வருமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். தொடர்கதை எழுந்தார், கண்ணை மூடினார், ஊத ஆரம்பித்தார். பல்பு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது.

"கண்ணத் திறந்து வாசிங்களேன்," என்றார் மேஸ்திரி, இடைவேளையில்.

"கண்ணத் திறந்தா ஜனங்க தெரியறாங்க," என்றார் தொடர்கதை.

"தெரிஞ்சா என்ன?"

"எழுந்து போறது தெரியும்."

அன்றிலிருந்து மேஸ்திரி பழைய முறைக்குத் திரும்பினார். பாக்கி வசூலுக்கு அவரிடம் ஒரு முறை உண்டு: சண்டை போடக்கூடாது, கெஞ்சக்கூடாது, போய் எதிரில் உட்கார வேண்டும். பாக்கி கேட்கிறவன் மூஞ்சி எதிரில் இருந்தால் சோறு இறங்காது, சில்லறை எண்ணக் கை வராது. மூன்று ஹோட்டல் முதலாளிகள் இந்த முறையில் இளைத்துப் போயிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் கல்லாவுக்கு எதிர் மேஜையில் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிளப்பம்மா லேசில் இளைக்கிற ஆள் இல்லை. டீ கொடுத்து, "இது கணக்குல உண்டு மேஸ்திரி," என்றார்.

"பாக்கி வசூலுன்னு சொல்லிட்டு தினம் கிளப்புக்குப் போற மொத ஆம்பள நீங்கதான்," என்றாள் மனைவி.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது அது நடந்தது. தொடர்கதை வழக்கம்போலப் புறப்பட்டுப் போய் வெகுதூரத்தில் எங்கேயோ ஊதிக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்குக் கடைசி பஸ் பற்றிய கவலை வந்துவிட்டது. எழுந்தார். உட்கார்ந்து மரத்துப் போயிருந்த கால் மடங்கியது. ஸ்பேனர், சுத்தியல், குழாய் வெட்டி எல்லாம் இருந்த பெரிய பை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

டங்.

ஐந்து பேரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள்.

வருஷக்கணக்கில் பழகிய கை, யோசிக்காமல் நின்றுவிட்டது. சாக்ஸபோனின் கடைசிச் சுரம் கூரையைத் தொட்டு இறங்குவது கேட்டது. பிறகு கிளப் முழுவதும் எழுந்து கை தட்டியது. தொடர்கதை கண்ணைத் திறந்து, கை தட்டும் ஜனங்களைப் பல நாட்களுக்குப் பிறகு பார்த்தார். பதினோரு மேஜையிலிருந்து ஒரே சமயத்தில் சோடாவுக்குக் கை உயர்ந்தது. குனிந்து ஸ்பேனர் பொறுக்கிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கிளப்பம்மா, மாடு வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"மேஸ்திரி, தினமும் சாயங்காலம் வந்து அந்தப் பையப் போட்டுட்டுப் போங்க. தினக்கூலி தர்றேன்."

"நான் மெஷினப் பாக்கறவன்மா. மெஷினா வேலை பாக்கறவன் இல்ல."

"உக்காந்த இடத்துல காசு."

"மாட்டேன்."

சொல்லிவிட்டாரே ஒழிய, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவர் மண்டையில் ஒரு பெல்ட் சுற்ற ஆரம்பித்தது. நல்ல மெஷினைக் கெடுக்கக்கூடாது, சரி. கெட்ட மெஷின் ஒன்றைப் புதிதாகச் செய்யக்கூடாது என்று யார் சொன்னது? குளிர வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தடதடக்க வேண்டும், உதற வேண்டும், டங் என்று நிற்க வேண்டும். அதற்கு இது ஒன்றே வேலை என்றால், அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தால், அது நல்ல மெஷின்தானே? பஸ்ஸிலேயே சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

கிளப் மெஷினிலிருந்து கழற்றிய நைந்த ரப்பர்கள் அவர் பையின் அடியிலேயே கிடந்தன. அவர் எதையும் தூக்கி எறிவதில்லை. மனைவிக்கு அது பெரிய குறை. பழைய விசிறி மோட்டார் ஒன்று கட்டிலடியில் இருந்தது. தானாக நிறுத்தவும், சற்று ஓய்ந்து மறுபடி தானாக ஓட்டவும், செத்துப்போன துணி துவைக்கும் மெஷினின் டைமர் இருந்தது. எல்லாவற்றையும் சமையலறையில் பரப்பி உட்கார்ந்தார்.

கெடுதலாகச் செய்வது அவ்வளவு லேசு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தளர்வாக விட வேண்டிய நட்டை அவர் கை தன் பாட்டுக்கு இறுக்கிவிடும். கோணலாக இருக்க வேண்டிய இலையை விரல் நிமிர்த்திவிடும். ஓட்டிப் பார்த்தால் பூனை நடப்பதைப் போல ஓடும். திரும்பப் பிரிப்பார். திரும்பவும் பூனை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"விடுங்க. இறுக்காதீங்க."

"இறுக்கல."

"இறுக்கறீங்க. கைய எடுங்க. அந்த நட்ட எங்கிட்ட குடுங்க."

அவள் நட்டை அரை சுற்று திருப்பி விட்டாள். இலையை எடுத்து அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினாள். அடியில் நாலு ரப்பருக்கு மூன்றைப் போட்டாள். ஓட்டினார்கள். பாத்திர அலமாரி முழுக்க ஆடியது, ஒரு தம்ளர் விழுந்தது. டைமர் முடிந்ததும் மோட்டார் உதறிக்கொண்டு போய்ச் சட்டத்தில் இடித்தது. டங்.

"அருமை," என்றார் மேஸ்திரி. இருபது வருஷத் தாம்பத்தியத்தில் தன் வேலையில் இன்னொருவர் கை வைத்ததை அவர் அருமை என்றது அதுதான் முதல் முறை.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. டைமரில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதைத் திருப்பினால் நேரம் கூடும், குறையும் என்பதும் பரவிவிட்டது. மறுநாள் தொடர்கதை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பெரிசா ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்சம் தாராளமா வெச்சு விடுங்க. சொல்ல வந்தத சொல்லி முடிக்கறதுக்குள்ள டங்குன்னா எப்படி?"

"என்ன சொல்ல வர்றீங்க நீங்க?"

"அது ஊதினாத்தான் எனக்கே தெரியும்."

அவர் தெரு முனை தாண்டவில்லை, மாப்பிள்ளை ஆரஞ்சோடு வந்தார். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. "அவரு வந்துட்டுப் போனாரா? நம்பாதீங்க. சுருக்கா வைங்க. எங்க அத்தைக்கும் அதான் இஷ்டம்." கிளப்பம்மா பழம் அனுப்பவில்லை. "கம்மியா வெச்சாத்தான் காசு," என்று சொல்லி அனுப்பினார்.

மேஸ்திரி ஆப்பிளையும் தின்றார், ஆரஞ்சையும் தின்றார். ஸ்க்ரூவை யார் பேச்சுக்கும் திருப்பவில்லை. ஒரு மெஷின் என்ன செய்ய வேண்டும் என்பதை அதைச் செய்தவன்தான் முடிவு செய்வான். "என்னால எவ்வளவு நேரம் பொறுமையா கேக்க முடியுதோ, அதான் அளவு. எனக்குப் பாட்டும் தெரியாது, கூத்தும் தெரியாது. எனக்கே சரின்னா ஊருக்கே சரி," என்றார்.

அளவெடுக்க ஒரு மதியம் கெட்ட மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போய், அதைப் பலகைக்குப் பின்னால் வைத்தார். நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்திருந்தன. தொடர்கதையைத் தனியாக மேடையில் நிறுத்தி, ஒரு சூடான டீயைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பழைய எருமை ஓடியது டீ ஆறும் நேரம் என்று ஏணி சொல்லியிருந்தார். அதற்குள்ளேயே தனக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பது மேஸ்திரியின் கணிப்பு. வந்ததும் கையை உயர்த்துவதாக ஏற்பாடு.

தொடர்கதை ஆரம்பித்தார். முதலில் எல்லாம் வழக்கம்போலத்தான். ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வந்தார், சாவி தொலைத்தவன் எல்லாச் சட்டைப்பையிலும் தேடுவதைப் போல. மேஸ்திரிக்கு அந்தத் தேடல் பழக்கமானதாக இருந்தது. ஒரு மெஷினில் சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று அவரும் இப்படித்தான் தேடுவார். இங்கே தொட்டு, அங்கே தொட்டு, இல்லை என்று திரும்பி, முதலில் விட்ட இடத்துக்கே வந்து. அட, இந்த ஆள் கிட்ட வந்துவிட்டான். இல்லை, விட்டுவிட்டான். இந்தப் பக்கம் பாரடா, இந்தப் பக்கம். மேஸ்திரி நாற்காலி நுனிக்கு வந்தார். தொடர்கதை கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, ஒரே ஒரு சுரத்தில் கை வைத்து, அழுத்தி, திருகினார். கிடைத்துவிட்டது.

"மேஸ்திரி," என்றார் கல்லாவிலிருந்து கிளப்பம்மா. "கைய எப்ப தூக்கப் போறீங்க?"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். டீ ஆறி, மேலே ஆடை படிந்து, அந்த ஆடையும் சுருங்கிப் போயிருந்தது.

"இப்பத்தான் தூக்கலாம்னு இருந்தேன்," என்று கையைத் தூக்கினார்.

"இவ்வளவு நேரமா? பழைய மெஷின விட அதிகம்."

"பழைய மெஷின் பழுதான மெஷின்மா. அளவு சரியா இருந்திருக்காது."

"ரெண்டு சோடா விக்கற நேரம் போச்சு."

"அந்த ரெண்டு சோடாவையும் முடிஞ்சப்புறம் குடிப்பாங்க. கை தட்டினா தொண்டை காயும்." ஸ்க்ரூவைத் திருப்பி, மேலே ஒரு தகடு வைத்து மூடி, அதற்கு ஒரு பூட்டும் போட்டார். சாவி அவர் பையில் போயிற்று.

"சரி. இந்தக் கெட்ட மெஷினுக்கு என்ன கூலி?"

"பத்தாயிரம்."

"நல்லா பண்ணினதுக்கு எட்டாயிரம், கெட்டதா பண்ணினதுக்குப் பத்தாயிரமா?"

"நல்லா பண்றது எனக்குப் பழக்கம்மா. கெட்டதா பண்ணக் கத்துக்க வேண்டியிருந்துது."

பேரம் அந்த மதியம் முழுக்க ஓடியது. டைமர் வைத்திருந்தால் மூன்று முறை டங் என்றிருக்கும். கடைசியில், பழைய பாக்கி எட்டாயிரம், கெடுதலுக்கு மூவாயிரம், ஆக மொத்தம் பதினொன்று என்று நின்றது. ஆனால் முதல் நாள் வாசிப்பு நடந்து, ஜனங்கள் கை தட்டினால்தான் காசு. அது நாளைக்கு. மாதத்தின் கடைசி நாள்.

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரியோடு மனைவியும் படி இறங்கினாள். கெட்ட மெஷினில் தன் பங்கு இருக்கிறது, அது மானத்தை வாங்காமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். மச்சானும் வந்தான். அவன் வந்தது காசுக்காக. டயர்க்காரன் ஷட்டர் வாசலிலேயே நிற்கிறான் என்று சொல்லிச் சொல்லி அத்தானை அரித்தான்.

கிளப் நிரம்பியிருந்தது. பலகைக்குப் பின்னால் மேஸ்திரி பொத்தானைத் தட்டினார். தடதடவென்று மேடை அதிர்ந்ததும் ஐந்து பேர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. தொடர்கதை எழுந்து கண்ணை மூடினார்.

"இந்த ஆளுதானா?" என்று மனைவி காதோரம் கேட்டாள். "ஆரம்பிக்கவே மாட்டேங்கறாரு."

"தேடறாரு. பொறு."

"எத?"

"பொறுன்னேன்ல."

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தான். கிளப்பம்மா மேஜைகளைப் பார்த்தார். மேஸ்திரி யாரையும் பார்க்கவில்லை. ஒரு நட்டு இறுகியிருந்தால்? தன் கை தன்னை அறியாமல் கடைசியாக எதையாவது சரி செய்திருந்தால்? வாழ்நாளில் முதல் முறையாக, தன் வேலை நன்றாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். மேடையில் தொடர்கதை கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, அந்த ஒரு சுரத்தில் கை வைத்து, அழுத்தினார். பலகைக்குப் பின்னால் எருமை எழுந்து உதறியது.

டங்.

ஐந்து பேரும் ஒன்றாக நிறுத்தினார்கள். பிறகு கை தட்டல் படிக்கட்டு வழியாக மேலே செருப்புக் கடை வரைக்கும் போயிற்று. பியானோக்காரர் எழுந்து நின்று பலகையைப் பார்த்துக் கும்பிட்டார். சோடாவுக்குக் கைகள் உயர்ந்தன, எல்லா மேஜையிலும்.

"நம்ம நட்டு," என்றாள் மனைவி.

கிளப்பம்மா கல்லாவைத் திறந்தார். நோட்டுகளைத் தட்டி அடுக்கினார். "டீக்காசு கழிக்கணும்," என்றார்.

"ஆறின டீக்குக் காசு கிடையாதும்மா," என்றார் மேஸ்திரி, கையை நீட்டி. "நான் குடிக்கவே இல்ல. உங்க ஆளு குடிக்க விடல."

கிளப்பம்மா நோட்டைத் தூக்கினார். அது மேஸ்திரியின் கைக்கு வரும் முன், பக்கவாட்டிலிருந்து இன்னொரு கை குறுக்கே நீண்டது. சோப்பில் ஊறிய, நட்டுத் திருகியதில் கட்டை விரலோரம் தோல் உரிந்த கை.

"எங்கிட்ட குடுங்கம்மா," என்றாள் மனைவி. "இவர்கிட்ட குடுத்தா இந்த மேஜையிலயே மறந்துட்டு அந்த மேடையப் பாத்துட்டு உக்காந்துருவாரு."

மேஸ்திரி மறுக்க வாயெடுத்தார். அதற்குள் பலகைக்குப் பின்னால் மறுபடி தடதடவென்று ஆரம்பித்தது, தொடர்கதை கண்ணை மூடினார். மேஸ்திரியின் தலை தானாக மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டது. கிளப்பம்மா எச்சில் தொட்டு ஆயிரம் ஆயிரமாக, விரித்த அந்த உள்ளங்கையில் வைத்து எண்ணினார். எட்டு வரைக்கும் பழைய பாக்கி. அதற்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று.